பன்னிரண்டாம் கட்டில்

பிப்ரவரி 11

தம்பிக்கு,

இதைப் போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் போனில் நீ "ம்", "சரிக்கா", "ஜெபம் பண்றேன்க்கா" என்ற மூன்றையும் தாண்டிப் பேசியதில்லை. உங்கள் ஆதரவற்றோர் இல்லத்தில் இருக்கிற ஒரே போன் இல்லத் தலைவரின் மேஜைமேல் இருக்கிறது, அவர் எதிரே உட்கார்ந்திருக்கிறார் என்று எனக்குத் தெரியும். அதனால் எழுதுகிறேன். உட்கார்ந்து படி.

எனக்கு வயிற்றில் கட்டி. பெரிய ஆஸ்பத்திரியில் மூன்று டாக்டர்கள் மாறி மாறி அமுக்கிப் பார்த்தார்கள். ஏப்ரல் ஒன்பதாம் தேதி ஆபரேஷன் என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். மூன்று வாரம் அங்கேயே படுத்திருக்க வேண்டும். வீட்டுக்கு வந்த பிறகும் ஒரு வாளித் தண்ணீர்கூடத் தூக்கக் கூடாதாம். "வாளிக்கே இப்படின்னா எண்பது கிலோ ஆளை எப்படித் தூக்குறது டாக்டர்?" என்று கேட்டேன். நான் ஏதோ பளு தூக்கும் போட்டிக்குப் போகிறவள் என்று நினைத்துச் சிரித்தார். அவருக்குக் குட்டியைத் தெரியாது.

உனக்குத் தெரியும். வருகிற மாதம் நம் குட்டித் தம்பிக்கு ஐம்பத்தெட்டு. அம்மா வைத்த பெயரை விட்டுவிட்டுக் குட்டி, குட்டி என்றே கூப்பிட்டோம்; அவனும் மூன்று வயதிலேயே நின்றுவிட்டான். குளிப்பாட்ட வேண்டும், ஊட்ட வேண்டும், கழிப்பறைக்குத் தூக்கிவிட வேண்டும். புது ஆள் தொட்டால் கடிக்கிறான். போன வருஷம் நான் காய்ச்சலில் கிடந்தபோது வேலைக்கு வைத்த ஆள் மூன்றாம் நாளே கையில் கட்டோடு போனார். முகச்சவரம் என்றால் முதலில் நான் என் கன்னத்தில் நுரை பூசிக்கொண்டு மழித்துக் காட்ட வேண்டும். அப்புறம்தான் தன் கன்னத்தைக் கொடுப்பான். எழுபத்திரண்டு வயதில் ஒருநாள் விட்டு ஒருநாள் சவரம் பண்ணிக்கொள்கிற பொம்பளை இந்தத் தெருவில் நான் ஒருத்திதான்.

நீ வா. நான்கு மாதம் போதும். நீ துறவியாகப் போய் நாற்பத்து நான்கு வருஷம் ஆகிறது. இத்தனை வருஷத்தில் நான் உன்னிடம் எதுவும் கேட்டதில்லை. இதைக் கேட்கிறேன். முன்பின் தெரியாத நாற்பத்திரண்டு ஆண்களைக் குளிப்பாட்டி, ஊட்டி, துடைத்துவிடுகிறாய். நாற்பத்து மூன்றாவதாக ஒருவனுக்குச் செய்ய உனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

அக்கா

&nbsp;

பிப்ரவரி 20

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தை நான்கு முறை படித்தேன். உட்காரச் சொல்லியிருந்தாய். உட்காரத் தோன்றவில்லை.

பதில் எழுத இத்தனை நாள் ஆனதற்குக் காரணம், இரண்டு கடிதங்களை எழுதிக் கிழித்தேன். முதலாவதில் வருகிறேன் என்று எழுதியிருந்தேன். அப்படி எழுத எனக்கு உரிமையில்லை என்று தோன்றியது. இரண்டாவதில் வர முயல்கிறேன் என்று எழுதியிருந்தேன். அது கோழைத்தனமாக இருந்தது. இது மூன்றாவது. இது எப்படி இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை.

எங்கள் சபையில், வெளியே போக விரும்பும் சகோதரர் ஒரு விண்ணப்பம் எழுத வேண்டும். தாளை நீளவாக்கில் மடித்து, இடப்பக்கம் போவதற்கான காரணங்களையும் வலப்பக்கம் இருப்பதற்கான காரணங்களையும் எழுத வேண்டும். எந்தப் பக்கமும் சாயக் கூடாது. கடைசியில், 'உங்கள் விருப்பமே என் விருப்பம்' என்று எழுதிக் கையெழுத்திட வேண்டும். சபையை நிறுவியவர் காலத்திலிருந்து இதுதான் வழக்கம். நல்ல வழக்கம் என்றுதான் இத்தனை வருஷமும் நினைத்திருந்தேன். மற்றவர்கள் எழுதியதை வாங்கிக் கோப்பில் வைப்பது என் வேலை. நான் ஒன்றும் எழுதியதில்லை.

இல்லத் தலைவர் வெளியூர் போயிருக்கிறார். மார்ச் ஐந்தாம் தேதி வருவார். வந்ததும் கொடுத்துவிடுகிறேன்.

இன்று காலை ஒருவரைக் குளிக்கும் நாற்காலியில் உட்கார வைத்துத் தலையில் தண்ணீர் ஊற்றும்போது காதைப் பொத்திவிட மறந்துபோனேன். இடது கையால் காதைப் பொத்திக்கொண்டு வலது கையால் ஊற்ற வேண்டும். குட்டிக்குச் செய்து பழகியது அது. இங்கே வந்த நாளிலிருந்து மறந்ததில்லை. அவர் ஒன்றும் சொல்லவில்லை. அவருக்குப் பேச்சு வராது.

வலி இருக்கிறதா? அதை நீ எழுதவில்லையே.

உன் நினைவாகவே இருக்கும்
தம்பி

&nbsp;

பிப்ரவரி 27

தம்பிக்கு,

வலி இருக்கிறது. கேட்டாய், சொல்லிவிட்டேன்.

தாளை மடிக்கிறானாம் தாளை. டேய், நீ இருக்கிற வீடு தீப்பிடித்தால்கூட, ஓடுவதற்கான காரணங்கள் இடப்பக்கம், எரிவதற்கான காரணங்கள் வலப்பக்கம் என்று எழுதிவிட்டுத்தான் வாசலைத் தேடுவாய்.

கீழே இஸ்திரிக் கடை வைத்திருப்பவரிடம் இதைச் சொன்னேன். "உங்க தம்பி கோர்ட்டுல வேலை பாக்குறாரா?" என்றார். இல்லை, சாமியார் மாதிரி ஒரு வேலை என்றேன். அவர் நல்ல மனிதர். காலையில் அவரே மேலே வந்து குட்டியைக் கைத்தாங்கலாக இறக்கிக்கொண்டு போவார்; பகலெல்லாம் அவர் கடையில்தான் கிடக்கிறான். இஸ்திரி போட்ட சூடான துணி அடுக்குமேல் கையை வைத்துக்கொண்டு கண்ணை மூடி உட்கார்ந்திருப்பான். என்னைத் தவிர அவன் கடிக்காத ஆள் அவர் ஒருவர்தான். அவருக்கும் பெண்டாட்டி பிள்ளைகள், பிழைப்பு எல்லாம் இருக்கிறது. எத்தனை நாளைக்கு அவர் தலையில் கட்ட முடியும்?

இன்னொன்று யோசித்தேன். உன்னால் வர முடியவில்லை என்றால் குட்டியை உங்கள் இல்லத்தில் சேர்த்துக்கொள். யாருமில்லாதவர்களுக்கு என்றுதானே நடத்துகிறீர்கள்? அவனுக்கு யார் இருக்கிறார்கள், சொல். நான் வயிற்றில் கட்டியோடு இருக்கிறேன். நீ கோப்போடு இருக்கிறாய். விதி அப்படி, விதி இப்படி என்று இழுக்காதே. என்ன விதி என்று ஒழுங்காக எழுதியனுப்பு. எனக்குப் படிக்கத் தெரியும்.

அக்கா

&nbsp;

மார்ச் 14

அன்புள்ள அக்காவுக்கு,

முதலில் விண்ணப்பத்தைப் பற்றி. ஆறாம் தேதி கொடுத்தேன். பன்னிரண்டாம் தேதி கூப்பிட்டுப் பதில் சொன்னார். அனுமதி இல்லை.

இல்லத் தலைவர் நல்லவர். என்னைவிட இருபது வயது சிறியவர். என்னை உட்கார வைத்துவிட்டுத்தான் தான் உட்காருவார். தாளை மேலிருந்து கீழாக இரண்டு முறை படித்தார். பிறகு, "இந்தப் பக்கம் மூணு, அந்தப் பக்கம் பதினொண்ணு. நீங்களே எழுதியிருக்கீங்க பிரதர். நான் என்ன செய்யட்டும்?" என்றார். நான் ஏதாவது சொல்வேன் என்று அவர் காத்திருந்ததாக இப்போது தோன்றுகிறது. அப்போது நான் மேஜைமேல் இருந்த பேனா மூடியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். "சரி" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

உன்னிடம் மறைக்கக் கூடாது என்பதால் எழுதுகிறேன். இடப்பக்கத்தில் எழுதியவை: அக்காவுக்கு ஆபரேஷன்; தம்பி பிறர் தொட விடமாட்டான்; அவனைப் பார்க்க வேறு ஆள் இல்லை. அதற்குமேல் எழுதினால் சாய்ந்துவிடுமோ என்று பயந்தேன். வலப்பக்கத்தில், ஏழாம் கட்டில்காரர் என் கையால் கொடுத்தால்தான் விழுங்குகிறார் என்று எழுதினேன். பதிவேடு எழுத இன்னும் யாரும் பழகவில்லை என்று எழுதினேன். எனக்கு முதுகுவலி இருப்பதால் வீட்டுக்குப் போயும் பயனில்லாமல் போகலாம் என்றும் எழுதினேன். இப்படி நியாயமாக யோசித்ததில் பத்து சேர்ந்துவிட்டது. பதினொன்றாவது, எனக்குப் போக மிகவும் ஆசையாக இருக்கிறது. எங்கள் வழக்கப்படி சொந்த ஆசையை வலப்பக்கத்தில்தான் எழுத வேண்டும்.

அடுத்தது நீ கேட்ட விதி. அது பதினான்காம் விதி. அப்படியே தருகிறேன்: 'ஒருவருக்குத் தாய், தந்தை, மனைவி, மக்கள், உடன்பிறந்தோர் ஆகியோருள் ஒருவரேனும் உயிரோடிருப்பின், அவரை இல்லத்தில் சேர்த்தல் ஆகாது. துறவற வார்த்தைப்பாடு கொடுத்தோர் இவ்வெண்ணிக்கையில் சேரார்; அவர்கள் உலகிற்கு இறந்தவர்கள்.' பிழை வரக் கூடாது என்று புத்தகத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுதினேன்.

வாசலுக்கு வருகிறவர்களிடம் இந்தக் கேள்வியைக் கேட்பதும் என் வேலைதான். போன மாதம் ஓர் அம்மாள் தன் மகனைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு வந்தார். "நீங்க இருக்கீங்களேம்மா" என்றேன். "நான் இருக்கேன், அதுதான் தப்பா?" என்று கேட்டார். அவரைத் திருப்பி அனுப்பியவன் நான். என் தம்பிக்கு மட்டும் எப்படி வேறு மாதிரி எழுதுவேன்?

எதற்கும் உதவாத
தம்பி

&nbsp;

மார்ச் 21

தம்பிக்கு,

மூன்று! அதில் என்னைப் பற்றி ஒன்றுதான். மற்ற இரண்டும் குட்டியைப் பற்றி. உன் முதுகுவலிக்குக்கூடத் தனியாக ஒரு நம்பர் போட்டிருக்கிறாய்.

போக ஆசையாக இருக்கிறது என்று எழுதி, அதையே தனக்கு எதிராகப் போட்டுக்கொள்கிற ஆளை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. உன்னைப் பார்த்துச் சிரிப்பதா, உன் தலையில் குட்டுவதா என்று தெரியாமல் அன்றைக்குப் பூராவும் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டே அலைந்தேன்.

இடப்பக்கம் நான்காவதாகப் போட நான் ஒரு காரணம் தருகிறேன். பிஸ்கட் ஃபாக்டரியில் நான் பாக்கிங்கில் இருந்தபோது அங்கே லாரி ஓட்டினாரே ஒருவர், உயரமாக, ஒருநாள் வீட்டுக்கு வந்து குட்டிக்குத் தலை வாரிவிட்டுப் போனாரே, அவர் என்னைக் கட்டிக்கொள்ளக் கேட்டார். நீ சபையில் சேரப் பெட்டி கட்டிய அதே மாதம். குட்டியையும் கூட்டிக்கொண்டு வா என்றுதான் அவர் சொன்னார். அவர் வீட்டில் ஒப்பவில்லை. நீ இங்கே இருந்தால் நான் போயிருக்கலாம். நீ புறப்படுவதற்கு முந்தின நாள் சாப்பிடும்போது அப்பா உன்னைப் பார்த்து ஏதோ சொல்ல வாயெடுத்தார். நான்தான் மேஜைக்கு அடியில் அவர் காலை மிதித்தேன். உன்னைக் கூப்பிட்டது கடவுள். என்னைக் கூப்பிட்டது லாரிக்காரர். அப்பா யாருக்கு மாட்டேன் என்று சொல்ல முடியும்? நீ சந்தோஷமாகக் கையை ஆட்டிக்கொண்டு போனாய். எனக்கு மறுநாள் முதல் ஷிஃப்ட்.

சொல்லிக்காட்டுவதற்காக எழுதவில்லை. இல்லை, சொல்லிக்காட்டத்தான் எழுதினேன். நாற்பத்து நான்கு வருஷம் வாயை மூடியிருந்தேன், போதும்.

இப்போது ஒரே ஒரு கேள்வி. நீ எழுதியனுப்பிய விதியில் அந்தக் கடைசி வரி, துறவிகள் எண்ணிக்கையில் சேர மாட்டார்கள் என்பது, நிஜமாகவே அப்படித்தானா? நீ உயிரோடு இருந்தாலும் குட்டிக்கு நீ இருப்பதாக ஆகாதா? நன்றாகப் பார்த்து எழுது. இதில் தப்பு வரக் கூடாது.

அக்கா

&nbsp;

மார்ச் 30

அன்புள்ள அக்காவுக்கு,

அவர் குட்டிக்குத் தலை வாரியது எனக்கு நினைவிருக்கிறது. நேர்வகிடு எடுத்திருந்தார். அதைத் தவிர அன்று நான் எதையும் கவனிக்கவில்லை.

இந்த இரண்டு வரியை எழுதிவிட்டுத் தோட்டத்தை இரண்டு முறை சுற்றி வந்தேன். மன்னித்துவிடு என்று எழுத முடியவில்லை. நான் கேட்டால் நீ மன்னித்தாக வேண்டும். இன்னும் ஒன்றை உன்னிடமிருந்து வாங்கிக்கொள்ள எனக்கு முகமில்லை. இங்கே காலையில் முழங்காலில் நிற்கும்போது, நான் கொடுத்தேன் என்று நினைத்துக்கொண்டிருந்ததெல்லாம் யாருடையது என்று யோசனை ஓடுகிறது. ஜெபம் நின்றுவிடுகிறது. மற்ற சகோதரர்கள் எழுந்த பிறகுதான் நானும் எழுந்திருக்க வேண்டும் என்பது தெரிகிறது.

நீ கேட்டதற்கு என்னால் திட்டவட்டமாகப் பதில் சொல்ல முடியும் என்பதில் சிறிது ஆறுதல். விதி அப்படித்தான். சந்தேகம் இருக்கக் கூடாது என்று பழைய பதிவேடுகளையும் புரட்டிப் பார்த்தேன். மூன்று முறை அப்படிச் சேர்த்திருக்கிறோம். கடைசியாக ஆறு வருஷத்துக்கு முன்பு, ஒரு கன்னியாஸ்திரீயின் அண்ணன். அவர்களுடைய தாயார் இறந்த மறுவாரமே இடம் கொடுத்தோம். 'உறவு' என்ற கட்டத்தில் 'இல்லை' என்று எழுதியிருப்பது என் கையெழுத்துதான். நான் எழுதும்போது அந்தக் கன்னியாஸ்திரீ பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். ஆகவே, நான் எண்ணிக்கையில் இல்லை.

ஒரு நல்ல செய்தி. இல்லத் தலைவர் தானாகவே கூப்பிட்டு இரண்டு நாள் விடுப்பு கொடுத்திருக்கிறார், ஆபரேஷன் அன்றைக்கும் மறுநாளைக்கும். எட்டாம் தேதி மாலைப் பேருந்தில் வருகிறேன். இரண்டு நாளில் எதுவும் ஆகாது என்று தெரியும். இருந்தாலும் வருகிறேன்.

அந்தக் கடைசி வரியை ஏன் கேட்டாய் என்று எனக்கு விளங்கவில்லை.

தம்பி

&nbsp;

ஏப்ரல் 4

தம்பிக்கு,

எட்டாம் தேதி வர வேண்டாம். ஆபரேஷன் இல்லை. வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

டாக்டர் கத்தினார். "எழுதப் படிக்கத் தெரிஞ்ச பொம்பளை மாதிரி இருக்கீங்க, ஏம்மா இப்படிப் பண்றீங்க?" என்றார். "படிக்கத் தெரிஞ்சதாலதான் டாக்டர்" என்றேன்.

கேள். ஆபரேஷன் செய்துகொண்டால் மூன்று வருஷம் இருப்பேனாம். நான்கு என்றுகூடச் சொல்கிறார். அந்த நான்கு வருஷமும் குட்டியைத் தூக்க எனக்கு உடம்பு இடம் கொடுக்காது. நான் உயிரோடு இருக்கிறேன் என்ற ஒரே காரணத்துக்காக அவனுக்கு உங்கள் இல்லத்திலும் இடம் கிடைக்காது. எல்லாம் முடிந்து நான் போகும்போது உனக்கு எழுபத்திரண்டு. அதுவரை நீ இருப்பாயோ என்னவோ. ஆபரேஷன் செய்துகொள்ளாவிட்டால் வருஷக் கடைசிக்குள் முடிந்துவிடும். அதுவரை இழுத்துப் பிடித்துக்கொண்டு அவனைப் பார்த்துக்கொள்வேன். மறுவாரம் அவனுக்கு யாருமில்லை. உன் கையால் குளிப்பான், உன் கையால் சாப்பிடுவான். உனக்கு உடம்பில் தெம்பு இருக்கும்போதே அவன் உன்னிடம் வந்துவிடுவான்.

எப்படிப் பார்த்தாலும் நான் இருப்பதுதான் இடைஞ்சல். நானாகக் கண்டுபிடிக்கவில்லை. புத்தகத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, பிழையில்லாமல் நீதான் எழுதியனுப்பினாய்.

இதற்காக உட்கார்ந்து அழாதே. ஜெபம் பண்ணுவதாக இருந்தால், இழுத்துக்கொண்டு கிடக்காமல் போக வேண்டும் என்று பண்ணு.

அக்கா

&nbsp;

ஏப்ரல் 12

அக்கா,

அந்த விதியை நான் எழுதாமல் இருந்திருக்கலாம். 'சேர்க்க இயலாது' என்று ஒரு வரியில் முடித்திருக்கலாம். நீ மறுபடி கேட்டபோது தெரியவில்லை என்று சொல்லியிருக்கலாம். கேட்ட கேள்விக்குச் சரியான பதில் எழுதுவதைத் தவிர வேறொன்றும் தெரியாத மனிதனாக இருந்துவிட்டேன். தயவுசெய்து ஆபரேஷனுக்குப் போ. தயவுசெய்து போ. இதைவிட நன்றாக எப்படி எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை.

இந்த முறை தாளை மடிக்கவில்லை. உன் கடிதத்தைப் படித்ததும் நேராக இல்லத் தலைவர் அறைக்குப் போனேன். கதவைத் தட்ட மறந்தது உள்ளே போன பிறகுதான் தெரிந்தது. நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். வார்த்தைப்பாட்டிலிருந்து என்னை விடுவித்துவிடுங்கள், நான் வீட்டுக்குப் போகிறேன் என்றேன். அவருக்குக் கண் கலங்கிவிட்டது. "மேலிடத்துக்கு எழுதணும் பிரதர். ஆறு மாசம் ஆகலாம். நீங்க கையெழுத்துப் போட்டா இன்னைக்கே அனுப்புறேன்" என்றார். படிவத்தைக் கொடுத்தார். அது என் மேஜையில் இருக்கிறது. கையெழுத்திடும் இடத்தில் பென்சிலால் சிலுவைக் குறி போட்டுக் காட்டியிருக்கிறார்.

உன்னைக் கேட்காமல் போடக் கூடாது என்று வைத்திருக்கிறேன். போன முறை, சபையில் சேரும்போது, உன்னைக் கேட்காமல்தான் போட்டேன்.

இன்னொன்று. முன்பு ஒன்றை எழுதியதால்தான் இப்படி ஆயிற்று, ஆகவே இதை எழுதலாமா என்று ஒருநாள் முழுவதும் யோசித்தேன். மறைத்துப் பழக்கமில்லை. பன்னிரண்டாம் கட்டில்காரர் வியாழக்கிழமை இறந்துவிட்டார். இல்லத் தலைவர், "அந்தக் கட்டிலை உங்க தம்பிக்குன்னே வச்சிடுங்க பிரதர். எப்ப வேணுமோ அப்ப வரட்டும்" என்றார். அன்பாகத்தான் சொன்னார். 'எப்ப' என்ற சொல் வாயிலிருந்து வந்த பிறகு அவர் ஒரு பக்கமும் நான் ஒரு பக்கமும் பார்த்துக்கொண்டோம்.

தினமும் காலையில் அந்தக் கட்டிலுக்கும் விரிப்பு மாற்றுகிறேன்.

தம்பி

&nbsp;

ஏப்ரல் 19

தம்பிக்கு,

கையெழுத்துப் போட்டுத் தொலைத்துவிடாதே. அந்தப் படிவத்தைத் திருப்பிக் கொடு.

உனக்குப் புரியவில்லையா? நீ வெளியே வந்தால் நீயும் எண்ணிக்கையில் வந்துவிடுவாய். அப்புறம் எனக்குப் பின்னால் நீ, உனக்குப் பின்னால் யார்? அறுபத்தெட்டு வயதும் முதுகுவலியும் வைத்துக்கொண்டு இரண்டாம் மாடியில் அவனைத் தனியாகத் தூக்கப் போகிறாயா? எனக்கு முன்னால் நீ போய்விட்டால்? இரு. அங்கேயே இரு. இத்தனை வருஷத்தில் இதை நான் உன்னிடம் சொன்னதே இல்லை, இப்போது சொல்கிறேன்: துறவியாகவே இரு. கடவுள் கூப்பிட்டபோது நான் குறுக்கே நிற்கவில்லை, அவ்வளவுதான். இப்போது நானும் சேர்ந்து கேட்டுக்கொள்கிறேன்.

கட்டில் விஷயம் படித்து நிம்மதியாக இருந்தது. உண்மையாகவே நிம்மதி. ஜன்னல் பக்கமா, சுவர்ப் பக்கமா? சுவர்ப் பக்கம் என்றால் நல்லது, சுவரைத் தடவிக்கொண்டே தூங்குவான். அவன் சட்டைகளிலெல்லாம் பன்னிரண்டு என்று நூலால் தைக்க ஆரம்பித்துவிட்டேன். நான்கு சட்டை முடிந்தது. எதற்கு என்று அவன் கேட்கவில்லை. எண்ணைத் தடவிப் பார்த்துவிட்டுச் சிரித்தான்.

டாக்டர் ஆள் விட்டிருந்தார். மே இருபதாம் தேதி ஓர் இடம் இருக்கிறதாம், அதுதான் கடைசி, அதற்கு மேல் கத்தி வைத்தும் பயனில்லையாம். இஸ்திரிக்காரர் காதில் விழுந்துவிட்டது. பெண்டாட்டியையும் கூட்டிக்கொண்டு மேலே வந்துவிட்டார். "ஆறு மாசம் ஆனாலும் நாங்க பாத்துக்கிறோம்க்கா. போய்ட்டு வாங்க" என்றார்கள் இரண்டு பேரும். "ஆறு மாசம் சரி. அப்புறம்?" என்றேன். பாவம், காபி குடிக்காமலே இறங்கிப் போனார்.

இடம் கையில் இருக்கும்போது இப்போது எதற்கு ஆபரேஷன்? இடம் மட்டும் இல்லாமல் இருந்தால் வேறு வழியில்லை, நான் இருந்துதான் ஆக வேண்டும். கடவுள் நல்ல நேரத்தில்தான் காலி பண்ணிக் கொடுத்திருக்கிறார். இப்படிச் சொல்வது பாவமா? உனக்குத்தான் தெரியும்.

அக்கா

&nbsp;

மே 3

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் வந்த அன்றே படிவத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். நீ சொன்னது சரி. நான் இங்கேதான் இருக்க வேண்டும்.

இனி எழுதுவதை மெதுவாகப் படி.

புதன்கிழமை மதியம் மழை விட்டதும் வாசலில் மணி அடித்தது. பேருந்து நிலையக் காவலாளி ஒருவரைத் தள்ளுவண்டியில் வைத்துக்கொண்டு வந்திருந்தார். அறுபது வயது இருக்கலாம். காலில் புண். பெயர் கேட்டேன், தெரியவில்லை என்றார். "உங்களுக்கு யார் இருக்காங்க?" என்று கேட்டேன். யாராவது இருக்கிறார்களா என்று பார்ப்பதுபோல் திரும்பித் தன் முதுகுக்குப் பின்னால் பார்த்தார். காவலாளி, "என்னைப் பாக்காதய்யா, நான் டியூட்டில இருக்கேன்" என்றார்.

இல்லத் தலைவர் வெளியே போயிருந்தார். முடிவு செய்ய வேண்டியவன் நான்தான். இடம் இல்லை என்று சொல்லியிருக்கலாம். அது பொய்யாகவும் இருந்திருக்காது. ஒருவருக்கென்று வைத்த கட்டில்தானே. நான் உள்ளே கூட்டிவந்து, குளிப்பாட்டி, புண்ணுக்கு மருந்து வைத்து, பன்னிரண்டாம் கட்டிலில் படுக்க வைத்தேன். பதிவேட்டில் எழுதிவிட்டேன். மையால் எழுதியது. எங்கள் பதிவேட்டில் அடித்தல் திருத்தல் கிடையாது.

அவர்மேல் இரக்கப்பட்டுக் கொடுத்தேன் என்று எழுத ஆசையாக இருக்கிறது. அது முழு உண்மை இல்லை. உன் கடிதம் வந்த நாளிலிருந்து, யாராவது வருகிறார்களா என்று தினமும் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். வேலை நடுவில் எழுந்து எழுந்து போய்ப் பார்த்தேன். நாற்பத்து நான்கு வருஷத்தில் ஒருவர் வர வேண்டும் என்று நான் ஜெபித்தது இதுதான் முதல் முறை. இது பாவமா என்று என்னைக் கேட்டால், நீ கேட்ட கேள்வியைப் போலவே இதற்கும் எனக்குப் பதில் தெரியாது.

இல்லத் தலைவர் வந்து பார்த்துவிட்டு, "பிரதர், இது உங்க தம்பிக்கு வச்ச கட்டிலாச்சே!" என்றார். ஆமாம் என்றேன். "அடுத்தது காலியானா அவருக்குக் கொடுத்துடலாம்" என்றார். முன்பே எழுதிக் காத்திருப்பவர்கள் ஐந்து பேர் இருக்கிறார்கள், வரிசையை மாற்றுவது முறையல்ல என்று சொன்னேன். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். அவரிடம் நான் மறுத்துப் பேசியது இதுதான் முதல் முறை.

ஆகவே இடம் இல்லை. நாற்பத்திரண்டும் நிரம்பிவிட்டது. இடம் இல்லாவிட்டால் நீ இருந்துதான் ஆக வேண்டும் என்று நீதான் எழுதியிருக்கிறாய். மே இருபதாம் தேதி இன்னும் கைவிட்டுப் போகவில்லை. இஸ்திரிக்காரரிடம் சொல்லிவிடு. பத்தொன்பதாம் தேதி மாலைப் பேருந்தில் நான் வருகிறேன். அந்த இரண்டு நாள் விடுப்பு இன்னும் அப்படியே இருக்கிறது. "அப்புறம்?" என்று அவரைக் கேட்டது போல் என்னையும் கேட்காதே. நான்கு வருஷத்துக்குப் பிறகு குட்டி எங்கே இருப்பான் என்று எனக்கும் தெரியாது. தாளை எந்தப் பக்கம் மடித்தாலும் அது தெரியவில்லை. நீ அந்த நான்கு வருஷமும் இருக்க வேண்டும் என்பது மட்டும்தான் தெரிகிறது.

அடுத்த கட்டில் எப்போது காலியாகும் என்று நீ கேட்பாய். என்னால் சொல்ல முடியாது. இங்கே இருப்பவர்களில் பலருக்கு வயதாகிவிட்டது, உண்மைதான். ஆனால் அக்கா, நான் இவர்களை நன்றாகத்தான் பார்த்துக்கொள்கிறேன்.

தம்பி